ஆறாவது இயக்குநரின் பணி அனுபவம்

இயக்குநர்களைப் பற்றிப் பத்தி எழுதுவது என் வேலை. கம்பெனி செகரட்டரி என்றால் முதலாளிக்குக் காபி கொண்டுபோய் வைக்கிறவள் என்று என் மாமியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். போகட்டும். நிறுவனத்தின் ஏடுகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவள் நான். ஆண்டறிக்கையில் ஒவ்வொரு இயக்குநரின் படத்துக்கும் பக்கத்தில், ‘முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்டவர்’ என்று தொடங்கி எட்டு வரி வருமே, அது என் கைவண்ணம். பதினேழு வருடமாக எழுதுகிறேன். அந்த எட்டு வரியில் தோற்றுப்போனவர் ஒருவரும் கிடையாது. வங்கியைக் கவிழ்த்தவரும் என் பத்தியில் ‘சவாலான காலகட்டத்தில் வழிநடத்தியவர்’ ஆகிவிடுவார்.

எங்கள் நீர்மதி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அப்போது ஐந்து பேர். தலைவர் தாண்டவமூர்த்தி, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. அப்புறம் ஒரு வங்கிக்காரர், ஒரு வக்கீல், ஒரு பொறியியல் பேராசிரியர். ஐந்தாவது நப்பின்னை. முப்பத்தெட்டு வயது. மடையை உருவாக்கியவள் அவள்தான்.

மடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னையைச் சுற்றி மூன்று மாவட்டத்து ஏரிகளில் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு மதகு. எந்த மதகின் ஷட்டரை எப்போது எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்று ஒன்பது மழைக்காலமாகத் தீர்மானித்துவருகிற இயந்திர அறிவுதான் மடை. மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர்களோடு இரவு பகலாகப் போனில் பேசிப் பேசியே அது தமிழ் கற்றுக்கொண்டது. அதனால் ‘இருக்குது’, ‘பண்ணிகினு’ என்று செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு. வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்போது நம் ஆட்கள் கொஞ்சம் நெளிவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

மடை குடியிருந்த இயந்திரம் தேய்ந்துவிட்டது. புதிய இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு நாற்பது நிமிடம் மடையை முழுதாக நிறுத்த வேண்டும். இப்படிப்பட்ட அறிவை நிறுத்தி எழுப்புவதற்குப் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அந்த அறிவு தன் சார்பில் ஓர் இயக்குநரை நியமித்துக்கொள்ளலாம். விழித்தது பழைய அறிவேதான் என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய இயந்திரத்தை அழிக்கலாம். அவர் மறுத்தால் பழையதையே மறுபடி ஓட்ட வேண்டும். அது இந்த மழைக்காலத்தைத் தாங்காது என்று நப்பின்னை எழுதிக் கொடுத்திருந்தாள்.

மடை யாரை நியமிக்கும் என்று எல்லோரும் ஆவலாக இருந்தோம். யாரோ பெரிய விஞ்ஞானி என்று பேராசிரியர் சொன்னார். நீதிபதி என்றார் வக்கீல். மடை ஒரே ஒரு பெயரை அனுப்பியது. கமால் பாட்சா, திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர்.

“டாக்டரா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்ல சார். டெக்னீஷியன்.”

“நம்ம படிவத்துல அதுக்கு என்ன கட்டம் இருக்கு?”

நிதி, சட்டம், தொழில்நுட்பம், நிர்வாகம், சந்தை என்று ஒன்பது கட்டம் உண்டு. இயக்குநரின் திறமை அதில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். நான் யோசித்து, ‘இடர் மேலாண்மை’யில் டிக் போட்டேன். வேறு எங்கே போடுவது?

ஐப்பசி முதல் வாரம் அவர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் எழுதி வைத்திருந்த பத்தியைப் படித்துக் காட்டினேன். ‘சுகாதாரத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்டவர். இக்கட்டான தருணங்களில் முடிவெடுப்பதில் வல்லவர்.’

“இது யாருமா?” என்றார்.

“நீங்கதான் சார்.”

“நான் முடிவே எடுத்ததில்லயே. அதெல்லாம் டாக்டரு எடுப்பாரு. நான் தலைமாட்டுல நின்னு தாடையப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். மூச்சு வருதான்னு பாப்பேன். அம்புட்டுத்தான்.”

“அதை அப்படியே எழுத முடியாது சார்.”

“ஏன்மா முடியாது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினேழு வருடத்தில் எந்த இயக்குநரும் தன் பத்தி பெரிதாக இருக்கிறது என்று புகார் சொன்னதில்லை. சரி, வேறு ஏதாவது சொல்லுங்கள், உங்களுக்கென்று தனியாக ஏதாவது வழக்கம் இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

“ஒண்ணு இருக்கு. மருந்து கொடுக்கையில பேஷண்டை ஒண்ணு, ரெண்டு எண்ணச் சொல்லுவாக. நான் எண்ணச் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல நடந்தது எதாச்சும் சொல்லுங்கன்னு கேப்பேன். கல்யாணத்துல சண்டை போட்டது, மாடு தொலைஞ்சது, எதாச்சும். பாதியில தூங்கிருவாக. எந்திரிச்சதும் மீதியக் கேப்பேன்.”

“எதுக்கு?”

“பேரு, ஊரு கேட்டா அரை மயக்கத்துலயே சொல்லிருவாக. மீதியச் சொன்னாத்தான் ஆளு முழுசா வந்தாச்சுன்னு அர்த்தம். அதுவும் போக, பாதியில விட்டவுகளுக்குத் திரும்பி வரணும்னு ஒரு இது இருக்கும்லமா.”

அவர் போன பிறகு என் மேசையிலிருந்தே மடையிடம் கேட்டேன். ஏன் இவர்?

“அவரு ரிஜிஸ்டரைப் பாருங்கம்மா,” என்றது மடை. “தமிழ்நாட்டுல எல்லா ஆபீஸு பழைய ரிஜிஸ்டரும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் படிச்சிட்டேன். எங்க எது கெட்டாலும் மழை, கரண்டு, மெஷினு, விதின்னு எழுதிகினு இருக்காங்க. இவரு மூணு எடத்துல தன் பேரை எழுதியிருக்காரு.”

தேடி எடுத்தேன். ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர், மஞ்சளித்த பக்கம், உருண்டையான கையெழுத்து. ‘சிலிண்டர் மாற்ற இரண்டு நிமிடம் தாமதம். நோயாளி இறந்தார். தாமதம் என்னுடையது. கமால் பாட்சா.’ இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி. அந்த இரண்டிலும் நோயாளிகள் பிழைத்திருந்தார்கள்.

மறுநாள் அவரிடம் கேட்டேன், யாராவது எழுதச் சொன்னார்களா என்று.

“யாரும் சொல்லல. டாக்டரு எழுதாதடான்னுதான் சொன்னாரு. ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணுனாக. செத்துப்போன அந்தம்மா புருஷன் வெளிய நின்னுக்கிட்டிருந்தாரு. என்ன நடந்துச்சுன்னு அவருக்காக எங்கிட்டாச்சும் எழுதி இருக்கணும்லமா.”

அன்று நான் பத்தியைத் திருத்தினேன். அந்த மூன்று தாமதங்களையும் சேர்த்தேன். தலைவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார். “இது இயக்குநர் அறிமுகம்மா, எஃப்.ஐ.ஆர். இல்ல,” என்றார். நானும் அடித்தபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இருந்ததாகவும் சொல்ல முடியாது.

மாற்றும் நாள் காலை பத்து மணிக்கு ஆறு இயக்குநர்களும் தரைத்தளத்து இயந்திரக் கூடத்துக்கு வந்தார்கள். சட்டப்படி அதுவும் ஒரு குழுக் கூட்டம்தான், அதனால் நான் நோட்டுடன் நின்றேன். ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக. எதிர்ச் சுவரில் பெரிய திரை, அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு மதகிலும் ஒரு லஸ்கர், ஷட்டர் சக்கரத்தில் கை வைத்தபடி நின்றார். மடை தூங்கும் நாற்பது நிமிடமும் மூன்று மாவட்டத்துத் தண்ணீரை அவர்கள்தான் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்கள், ஓர் ஆள் தலைக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தார். நான் அதுவரை ஒரு லஸ்கரைக்கூடப் பார்த்தது கிடையாது. மெய்சிலிர்த்தது எனக்கு.

நப்பின்னை எல்லோருக்கும் ஒருமுறை விளக்கினாள். “புதுசோட அமைப்பு வேற. நூத்துக்கு ஆறு பங்கு நினைவு அதுல ஒட்டாது. எதை விட்டுட்டு வரணும்னு மடைதான் தீர்மானிக்கும். நாங்க கை வச்சா கெட்டுடும்.”

“எதை விடப்போகுதுன்னு தெரியுமா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“எழுந்த பிறகுதான் தெரியும் சார். அதுக்கே இன்னும் தெரியாது. மூடற அந்தக் கடைசி நிமிஷத்துலதான் தேர்ந்தெடுக்கும்.”

கமால் பாட்சா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதல் பெட்டியருகே போனார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். வங்கிக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

“ஐயா, வலிக்குமா?” என்று கேட்டது மடை.

ஒன்பது வருடமாக அதோடு பேசுகிறோம். அது இப்படி ஒன்று கேட்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. வங்கிக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“தெரியலீங்க. உங்கள மாதிரி ஒருத்தருக்கு நான் கொடுத்ததில்ல, பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் கமால் பாட்சா. “ஆனா நான் இங்கனயேதான் நிப்பேன். எங்கிட்டும் போக மாட்டேன். எதாச்சும் சொல்லிக்கிட்டே இருங்க. உங்களுக்கு நடந்தது எதாச்சும்.”

நப்பின்னை விசையில் கை வைத்தாள்.

“ஆறு வருஷத்துக்கு முன்ன,” என்று ஆரம்பித்தது மடை. “நெடுங்கரை ஏரி. நாலாம் மதகு. ஏரி தளும்பிகினு இருக்குது. ஷட்டரைத் தூக்குன்னு எல்லாக் கணக்கும் சொல்லுது. நான் தூக்கல. ஏழு நிமிஷம் தூக்கல. ஏன்னா அங்க…”

குரல் நின்றது. பெட்டிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கி, கூடத்தில் கேட்டுப் பழகாத ஓர் அமைதி வந்தது.

நெடுங்கரை எல்லோருக்கும் தெரியும். கரை உடைந்து, கீழே கரையடி நகரில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்த மழை என்றுதான் விசாரணை சொன்னது. அந்த விசாரணைக்கு அடிப்படையான அறிக்கையை எழுதியது மடை.

முதலில் வக்கீல்தான் பேசினார். “நப்பின்னை, இந்த நூத்துக்கு ஆறுல அந்த ஏழு நிமிஷமும் விட்டுப்போக வாய்ப்பிருக்கா?”

“இருக்கு சார்.”

“விட்டுப்போனா வேலை கெடுமா?”

“கெடாது. ஒரு வித்தியாசமும் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“அப்ப அது நம்ம எல்லாருக்கும் நல்லது,” என்றார் வக்கீல்.

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அப்போது அதே எண்ணம்தான் வந்தது. மறந்துவிட்டு வந்தால் என்ன? இரண்டு நாளில் புயல் சின்னம் உருவாகும் என்று வானிலை மையம் சொல்லியிருக்கிறது. மடை வேலை செய்தால் போதாதா?

“விட்டுட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேங்க,” என்றார் கமால் பாட்சா. கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. “வர்றது நல்ல ஆளாவே இருக்கலாம். ஆனா நம்ம தூங்க வச்ச ஆளு அது இல்ல.”

“பாய், ஊரே முழுகிப் போகும்,” என்றார் வங்கிக்காரர்.

“தெரியும்ங்க.”

தெரிந்தேதான் சொன்னார். ஓர் ஆள் தன் ஒரு கையெழுத்தின் கனத்தை அப்படி உணர்ந்து நின்றதை நான் எந்த போர்டு மீட்டிங்கிலும் பார்த்ததில்லை. பத்துத் தீர்மானத்தை ஒரே மூச்சில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு முந்திரி பக்கோடா சாப்பிடப் போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாற்பதாவது நிமிடம் புதிய பெட்டிகள் இரைந்தன. பச்சை விளக்குகள் வரிசையாக வந்தன.

“வணக்கம். அறுநூத்துப் பன்னெண்டு மதகும் தெரியுது. எல்லா லஸ்கர் அண்ணனுங்களும் சக்கரத்தை விட்டுடலாம்.”

பேராசிரியர் கை தட்டினார். நப்பின்னை தட்டவில்லை.

“கொஞ்சம் இருங்க,” என்றார் கமால் பாட்சா. பெட்டி மாறியிருந்தது, இப்போது புதியதின்மேல் கை. “என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. மீதியச் சொல்லுங்க.”

ஒரு நொடிக்குள் மூன்று மாவட்டத்து மழையைக் கணக்கிட்டுவிடுகிற மடை ஒன்பது நொடி பேசாமல் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். நப்பின்னை கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீல் மெல்ல மூச்சு விட்டார்.

“நெடுங்கரை,” என்றது மடை. “நாலாம் மதகு… ஏரி தளும்பிகினு இருக்குது.”

கமால் பாட்சா தலையை ஆட்டினார். “அப்படித்தான். கொஞ்சம் பின்னாடி போயிட்டுத்தான் வருவாக,” என்று எங்களுக்குச் சொன்னார். “சொல்லுங்க.”

“ஷட்டரைத் தூக்கல. ஏன்னா அங்க செல்லப்பன்னு ஒரு லஸ்கரு. ஷட்டருக்கு முன்ன சிக்கின மரத்தை எடுக்க உள்ள எறங்கியிருக்காரு. போனு கரை மேல. கேமராவுல ஆளு தெரியுது, கூப்ட்டா கேக்கல. தூக்கினா அவரு போயிடுவாரு. தூக்கலன்னா கரை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கும்னு நெனச்சிகினு நின்னேன். அவரு ஏறி வர ஏழு நிமிஷம். ஆறாம் நிமிஷத்துல கரை ஒடஞ்சிது. மழைன்னு எழுதிட்டேன். ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கல. செல்லப்பன் அண்ணனுக்கும் தெரியாது. தாமதம் என்னுது.”

என் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பயம் இல்லை அது. கோயில் கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது எனக்கு அப்படி வரும். மனிதன் செய்த ஒரு பொருள், தன் பிழையை விட்டுவிட்டு வர வழியிருந்தும், தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டது.

நப்பின்னை திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எதை விட்டுவிட்டு வந்தது என்ற பட்டியல். படித்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்னம்மா?” என்றேன்.

“முதல் ரெண்டு வருஷம் மேடம். நான் அதோட உட்காந்து பேசினது, சொல்லிக் கொடுத்தது, அது என்னை முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டது. எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கு. இந்த ஏழு நிமிஷத்தை விடல.” அழுகையோடு சிரித்தாள். “சரியாத்தான் பண்ணியிருக்கு. ஆனா வலிக்குது மேடம்.” நான் அவள் தோளை அணைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய படிப்புப் படித்த பெண், என் தோளில் தலை வைத்து விம்மினாள்.

கமால் பாட்சா என் நோட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். அதே உருண்டையான எழுத்து.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். “மேடம், இது குறிப்பேட்டுல வரக் கூடாது. பங்குச் சந்தையில பட்டியலிடப்பட்ட கம்பெனி. நிறுவனத்துக்குப் பாதகமானதை விலக்கறதுக்குத் தலைவருக்கு முழு அதிகாரம் இருக்கு.”

இருக்கிறது. சட்டம் எனக்கும் தெரியும். அந்த அதிகாரத்தை எத்தனையோ கூட்டங்களில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று என் பேனா நிற்கவில்லை. மடை சொன்னதை அது சொன்ன பேச்சிலேயே, ஒரு சொல் விடாமல் எழுதி முடித்திருந்தேன். எழுதியதைத் தலைவரிடம் நீட்டினேன்.

“விலக்கணும்னா நீங்க வாயால சொல்லணும் சார். விலக்கினார்னு நான் எழுதிக்கணும். அதுதான் முறை. இந்த வேலை போனாலும் பரவாயில்ல, அதை எழுதுவேன்.”

தாண்டவமூர்த்தி நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். அவர் பாக்கெட்டில் அந்தச் சிவப்புப் பேனா இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மடை,” என்றார். அவர் அதை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “அந்த ரெண்டு பேரு பேரு என்ன?”

“பவுனம்மா, நாப்பத்தோரு வயசு. அவங்க வீட்டுக்காரரு ஏகாம்பரம், நாப்பத்தெட்டு. கடைசித் தெரு, பொட்டிக்கடை வெச்சிருந்தாங்க.”

தலைவர் நோட்டை என்னிடம் திருப்பித் தந்தார்.

“எழுதிக்கம்மா. ரெண்டு பேர் பேரும் வயசும். அப்புறம் இதையும் எழுது. அந்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர் நான். மடை குடுத்த அறிக்கையை ஒரு தடவை படிச்சேன். நாலாம் மதகு லஸ்கரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. ஏன்யா கேக்கலன்னு என்னையும் யாரும் கேக்கல. என் பேரைப் போட்டே எழுது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘நெடுங்கரை விசாரணைக் குழுவுக்குத் தலைமையேற்றுத் திறம்பட வழிநடத்தியவர்.’ ஐந்து வருடமாக ஆண்டறிக்கையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் நான் எழுதிவந்த வரி அது.